தாத்தாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்

கோடை விடுமுறை வந்தால் தங்கவயல் குடும்பங்களுக்கு முதல் யோசனை ஊருக்குப் போவதுதான். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், திருப்பத்தூர், வேலூர் என்று பழைய வட ஆற்காட்டில் ஏதோ ஓர் ஊரில் ஒரு சித்தப்பா இருப்பார், அல்லது ஓர் அத்தை இருப்பார். அங்கே ஒரு காதுகுத்தோ கல்யாணமோ நடக்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் இந்தப் பிரயாணம் ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தது. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தவணையில் ஒரு கார் வாங்கியிருக்கிறான். இல்லாவிட்டால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கிறது. வசதிதான். மூட்டை முடிச்சுடன் பங்காரப்பேட்டையில் இறங்கி ஏற வேண்டியதில்லை.

ஆனால் வண்டி ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டுவதற்குள் பின்னால் தகராறு ஆரம்பித்துவிடும். ஜன்னல் ஓரம் யாருக்கு என்று ஒரு சண்டை. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தாயார் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டுகிறார். உடனே வண்டியில் மயான அமைதி. பெரியவர்கள் "அப்பாடா" என்று சாய்ந்து கொள்கிறார்கள்.

அந்த "அப்பாடா"வுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

எப்போது பேசுகிறோம்?

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. சுரங்க காலத்தில் தகப்பனார் எந்த ஷிப்டுக்குப் போனாலும் வேலை முடிந்தால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார். லயன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார். பிள்ளைகள் கேட்டுக் கொண்டிருப்பார்கள்.

இன்று? விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓட வேண்டும். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். புறப்படும்போது பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. மிச்சம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை துணி, ரேஷன், கோவில், சர்ச், துக்கம் விசாரிப்பு என்று கழிந்துவிடுகிறது. பெங்களூருக்கே குடிபோய்விட்ட குடும்பங்களின் கதையும் இதுதான்.

ஆகவே, வருஷத்தில் ஒரு முறையோ இரு முறையோ ஊருக்குப் போகும் அந்த மூன்று மணி நேரம்தான் தகப்பனும், தாயும், பாட்டனும், பிள்ளையும் எழுந்து போக முடியாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதையும் செல்போனுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு "பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, ஊர்ப் பாசம் இல்லை" என்று அங்கலாய்ப்பதில் என்ன பயன்?

முதலில் வயிறு, பிறகு விளையாட்டு

செல்போன் கொடுத்தால் பிள்ளை தொந்தரவு செய்யாது என்பதே அரைகுறை உண்மைதான். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் குனிந்து எதையோ பார்த்துக் கொண்டிருந்த பிள்ளையாக இருக்கும். காரணம் இதுதான்: வண்டி ஆடுவதை உள்காது உணர்கிறது. ஆனால் திரையைப் பார்க்கும் கண், எதுவும் ஆடவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. 2 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம். நிமிர்ந்து, தூரத்தில் இருக்கும் மலையையோ மரத்தையோ பார்க்கச் சொன்னால் பாதிக் குமட்டல் அடங்கிவிடும். வேடிக்கை பார்ப்பதே நல்ல வைத்தியம்.

புறப்படும் முன் பூரி, வடை என்று வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் போட்டுக் கொள்ளும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது.

இன்னொன்று. செல்லமாகப் பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு முன்சீட்டில் உட்காருகிறோம். சிலர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிற்க விடுகிறார்கள். திடீரென்று பிரேக் போட்டால் முதலில் கண்ணாடியில் போய் மோதுவது அந்தப் பிள்ளைதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ, பிள்ளைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், உயிர் நம்முடையது. வாடகை வண்டி பேசும்போதே பின்சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பிள்ளையின் உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் அடங்காது. வண்டியை ஓரங்கட்டி, இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். ஊருக்குப் பத்து நிமிஷம் பின்னால் போனால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

மூன்று மாநிலம், மூன்று எழுத்து

நம் பிரயாணத்தில் இருக்கும் அதிசயம் நமக்கே தெரிவதில்லை. தங்கவயலிலிருந்து பேத்தமங்கலம், வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போனால் நூறு கிலோமீட்டருக்குள் மூன்று மாநிலங்களைப் பார்த்துவிடலாம். பேத்தமங்கலம் கர்நாடகம், வி.கோட்டா ஆந்திரம், மலை இறங்கினால் தமிழ்நாடு. ரயிலில் போனாலும் அப்படியே: பங்காரப்பேட்டை கர்நாடகம், குப்பம் ஆந்திரம், ஜோலார்பேட்டை தமிழ்நாடு. இத்தனை குறைந்த தூரத்தில் இப்படி ஒரு பாடசாலை எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடங்களில் எழுதிக் கொள்ளலாம். செலவு அவ்வளவுதான். பிள்ளையைக் கண்டக்டர் ஆக்கிவிடுங்கள். எந்த ஊர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, பெட்ரோலுக்கு எவ்வளவு, டீக்கு எவ்வளவு என்று எழுதுவது அவன் வேலை. கூட்டல் கணக்கு தானாக வந்துவிடும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவன் கேட்க மாட்டான், நாம்தான் அவனைக் கேட்க வேண்டியிருக்கும்.

மைல்கல் வேட்டை ஒரு நல்ல விளையாட்டு. கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை. நம்பர் பலகையும் அப்படியே. கே.ஏ. 08 என்றால் நம் தங்கவயல் வண்டி, டி.என். 23 என்றால் வேலூர் வண்டி. முதல் வேலூர் வண்டியை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்து வேட்டை. கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் அண்ணன் தம்பி போல இருக்கும். பல எழுத்துக்களில் தலைக்கட்டுதான் வித்தியாசம்: தெலுங்கில் வாத்தியார் சரி என்று போடும் குறி போல இருக்கும்; கன்னடத்தில் படுக்கைக் கோடாக இருக்கும். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆந்திர எல்லை எந்த இடத்தில் வந்தது என்று கடைப் பலகைகளைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு சொல் விளையாட்டு. நம் "பால்" கன்னடத்தில் "ஹாலு". நம் "பல்" அங்கே "ஹல்லு". புலி "ஹுலி" ஆகும், பத்து "ஹத்து" ஆகும். பழைய "ப" அங்கே "ஹ" ஆகிவிட்டது என்ற ஒரு சூத்திரத்தைச் சொன்னால் போதும், பிள்ளைகள் தாங்களே அடுத்த சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். வீட்டுக்குக் கன்னடத்தில் "மனெ", தெலுங்கில் "இல்லு". தமிழில் "மனை"யும் இருக்கிறது, "இல்ல"மும் இருக்கிறது. மூன்று மொழிக்காரர்களும் ஒரே குடும்பம் என்பதை இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது? கன்னடத்தை வேண்டா வெறுப்பாகப் படிக்கும் பிள்ளையும், தமிழைப் பேச மட்டும் தெரிந்த பிள்ளையும் இந்த விளையாட்டில் இரண்டையும் நேசிக்கக் கற்றுக் கொள்வார்கள்.

நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். குறை சொல்வதற்கில்லை, வாழும் இடத்தின் மொழி கட்டாயம் வேண்டும். ஆனால் மலை இறங்கிப் பேரணாம்பட்டு வந்ததும் கடைப் பலகைகள் எல்லாம் தமிழில் வரிசையாக வரும். டீக்கடை, சைக்கிள் கடை, மருந்துக் கடை என்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அரிச்சுவடி வாங்கிக் கொடுத்துக் கட்டாயப்படுத்துவதைவிட இது பலன் தரும்.

கூடவே வரும் ஆறு

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். பாலாற்றைவிட நல்ல கதை எது? நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கோலார் மாவட்டத்தில் பேத்தமங்கலம் ஏரியை நிரப்புகிறது. சுரங்க நகரத்துக்குக் குடிநீர் தந்த ஏரி அதுதான். பிறகு ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போய், சென்னைக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்.

"நம் வீட்டில் குடித்த தண்ணீரும் உன் அத்தை வீட்டு மணலும் ஒரே ஆறு" என்று சொல்லிப் பாருங்கள். ஆற்றில் ஏன் தண்ணீர் இல்லை என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது.

வி.கோட்டா, பலமனேர் பக்கத்துக் காடுகளில் யானைகள் உண்டு. கவுண்டின்யா வனவிலங்கு சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. "யானை வருகிறதா பார்" என்று சொன்னால் போதும், கால் மணி நேரம் சத்தம் இருக்காது. அந்த மௌனத்துக்கும் செல்போன் தரும் மௌனத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஒன்றில் கண்கள் விரிகின்றன. மற்றொன்றில் கழுத்து குனிகிறது.

பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை 71 கிலோமீட்டர் புதிய விரைவுச் சாலை 2024 இறுதியில் திறக்கப்பட்டது. நேரம் மிச்சம்தான். ஆனால் ஊருக்குள் போகாத சாலையில் பிள்ளைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? போகும்போது அதில் போனாலும், திரும்பும்போதாவது பழைய சாலையில் வாருங்கள்.

சினிமா சொன்ன தங்கவயல்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2018-லும் 2022-லும் "கே.ஜி.எப்" என்று இரண்டு சினிமாக்கள் வந்தன. இந்தியா முழுவதும் நம் ஊரின் பெயர் பரவியது. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதாநாயகனைத் தெரியும். அது கற்பனைக் கதை. ஆனால் உண்மையான கதையின் நாயகர் அதே காரில், முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் தாத்தா.

பெரியவருக்கு மரியாதை என்று முன்சீட்டைக் கொடுக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் பேரப்பிள்ளைகளிடமிருந்து அவரைப் பிரித்து வைப்பதும் அதுதான். கால் நீட்ட முடியாத உடல்நிலை இருந்தால் வேறு விஷயம். மற்றபடி அவரைப் பின்சீட்டில், பேரனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரயாணத்தில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கடையில் விற்பதில்லை.

வண்டி புறப்படும்போதே கதை ஆரம்பமாகிவிடும். ஜன்னல் வழியே தெரியும் சைனைடு மேடுகள் என்ன? பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்து, அரைத்து, தங்கத்தைப் பிரித்துக் கொண்டு கொட்டிய கழிவு. அந்தப் பாறையை மேலே கொண்டு வந்தது யார்? 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்கள். பங்காரப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் வந்தது 1894-ல்தான். அதற்கு முன் வந்தவர்கள் வண்டி கட்டியும் கால்நடையாகவும் வந்தார்கள். இன்று நாம் காரில் மலை இறங்கும் பக்கத்திலிருந்து அன்று அவர்கள் ஏறி வந்தார்கள்.

பத்தலப்பல்லி மலைப்பாதையில் வளைவு வளைவாக இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். தங்கவயலிலிருந்து குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் 500 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அப்போது தாத்தா சொல்லலாம்: "இதற்கே காது அடைக்கிறதா? சாம்பியன் ரீப் சுரங்கம் இதைப் போல ஆறு மடங்கு ஆழம்." 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கு மேல். கூண்டில் இறங்கி அங்கே வேலை செய்துவிட்டு மேலே வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளைக்கு வேறு கதாநாயகன் எதற்கு?

படிக்கிற பிள்ளையாக இருந்தால் இதையும் சொல்லுங்கள். காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-ல் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்தது தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல். அண்டவெளிக் கதிர்களால் நம் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளை உலகில் முதன்முதலாக 1965-ல் இரண்டு இடங்களில் கண்டறிந்தார்கள். ஒன்று தென் ஆப்பிரிக்கா, மற்றொன்று நம் சாம்பியன் ரீப். அப்போது அங்கே வேலை செய்தவர்களின் வாரிசுகள் நாம்.

துக்கமும் அந்தக் கதையில் உண்டு. பாறை வெடித்துப் போன உயிர்கள், தூசியில் கெட்ட நுரையீரல்கள், வேலை போன நாள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். சோறு எப்படி வந்தது என்று தெரிந்த பிள்ளை சோற்றை மதிக்கும்.

"களைத்துப் போகிறோமே!"

"வாரமெல்லாம் ரயிலில் இடிபட்டு வருகிறோம். ஒரு நாள் காரில் ஏறினால் கண்ணை மூடலாம் என்று பார்த்தால், விளையாட்டு நடத்தச் சொல்கிறீர்களே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வழி முழுவதும் வாத்தியார் வேலை பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் விளையாட்டு, அரை மணி நேரம் பாட்டு, கொஞ்ச நேரம் தூக்கம் என்று இருக்கட்டும். பிள்ளை சும்மா ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தால் அதைக் கெடுக்காதீர்கள். சலிப்பும் ஒரு நல்ல ஆசிரியர்தான். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் இந்த விளையாட்டுகளில் சேர வேண்டாம். அவர் கண் சாலையில் இருக்கட்டும்.

செல்போனே கூடாதா என்றால், அப்படிப் பிடிவாதம் வேண்டியதில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, 2 வயது முதல் 4 வயது வரை உள்ள பிள்ளை நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். டோல்கேட்டில் வண்டி நகராமல் நின்று, கைக்குழந்தை ஒருபக்கம் அழுது, பெரியவனும் அடம் பிடித்தால், அவனுக்குப் பத்து நிமிஷம் கொடுப்பதில் குடி முழுகிப் போகாது. ஏறியதும் கொடுத்து, இறங்கும்போது வாங்குவதுதான் தவறு.

செல்போனுக்கு இதைவிட நல்ல வேலையும் ஒன்று இருக்கிறது. தாத்தா பேசும்போது பேத்தியின் கையில் அதைக் கொடுத்து, அவர் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட், முதல் நாள் கூண்டில் இறங்கியபோது எப்படி இருந்தது, கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று அவளே கேட்கட்டும். பாட்டியையும் கேட்கட்டும். தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்றது, சம்பள நாள் கடைத்தெரு, சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்தது எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அதற்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்க இன்னும் எத்தனை கோடை விடுமுறை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது மூட்டையை டிக்கியில் வையுங்கள். செல்போனைத் தாயார் கைப்பையிலேயே வையுங்கள். தாத்தாவைப் பின்சீட்டில் வையுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்.